கண்ணாடியிழைப் படகுடல் பழுதுபார்ப்பு

கண்ணாடியிழைப் படகுடல் பழுதுபார்ப்பு என்பது கண்ணாடியிழையும் பிசினும் சேர்ந்த கலப்புப் பொருளால் ஆன படகுகளின் உடலில் ஏற்படும் வெடிப்பு, துளை, அடுக்குப் பிரிவு, நீர்க்கசிவு ஆகியவற்றைச் சீர்செய்யும் தொழில்முறை ஆகும். தமிழகக் கடற்கரையில் இவ்வகைப் படகுகள் பேச்சு வழக்கில் "பைபர் படகு" அல்லது "பைபர் போட்டு" எனப்படுகின்றன.

மரப்படகில் கசிவு பெரும்பாலும் பலகைகளின் இணைப்புகள் வழியாக ஏற்படுகிறது. இணைப்பை அடைத்தால் கசிவு நிற்கும். கண்ணாடியிழைப் படகில் இணைப்பே இல்லை; உடல் முழுவதும் ஒரே ஓடாக வார்க்கப்படுகிறது. ஆகவே அதில் தோன்றும் வெடிப்பு, சுமையைத் தாங்க வேண்டிய இழைகள் அறுந்துவிட்டன என்பதன் அடையாளமாக இருக்கக்கூடும். நீர் புகும் வழியை மட்டும் அடைப்பது இங்கு போதுமான பழுதுபார்ப்பு ஆகாது. அறுந்த இழைகள் தாங்கிய சுமையைப் புதிய இழைகள் ஏற்கும்படி செய்வதே இத்தொழில்முறையின் அடிப்படை ஆகும்.

## தமிழகக் கடற்கரைப் பின்னணி

சோழமண்டலக் கடற்கரையின் பெரும்பகுதியில் இயற்கைத் துறைமுகங்கள் இல்லை. மீனவர்கள் கரையில் உடையும் அலைகளைக் கடந்தே கடலுக்குள் செல்லவும், திரும்பி மணலில் ஏறவும் வேண்டியுள்ளது. இச்சூழலுக்கேற்ப இங்கு உருவான மரபுக் கலங்கள் இறுக்கமான அமைப்பு உடையவை அல்ல. கட்டுமரம், மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துச் செய்யப்படுவது. நீர் அதன் இடையே புகுந்து வெளியேறும் என்பதால் அதற்குக் கசிவு என்ற சிக்கலே இல்லை. மசூலாப் படகு, பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் செய்யப்பட்டது. அலை மோதும்போது இவ்விரு கலங்களும் நெகிழ்ந்து கொடுத்து அடியின் வேகத்தைத் தணித்தன. ஆணி அடித்துக் கட்டிய மரக்கலங்களில் பலகை இடுக்குகளைப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் கொண்டு அடைக்கும் வேலை "கலப்பற்று" எனப்பட்டது.

கண்ணாடியிழைப் படகுகள் உலகில் 1940களில் தோன்றின. ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 1979 இல் தொடங்கப்பட்டுச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 1980களில் இந்தியாவின் கிழக்குக் கரைக்கெனக் கரையேற்றக்கூடிய படகு வடிவங்களை உருவாக்கிச் சோதித்தது. பெரிய மரங்கள் கிடைப்பது அரிதானதும், வெளிப்பொருத்து இயந்திரங்கள் பரவியதும் கண்ணாடியிழைக்கு மாறுவதை விரைவுபடுத்தின.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஏற்பட்ட ஆழிப்பேரலை இம்மாற்றத்தைப் பெருமளவில் நிகழ்த்தியது. நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி, காஞ்சிபுரம், சென்னை உள்ளிட்ட மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான கட்டுமரங்களும் படகுகளும் அழிந்தன. அவற்றுக்கு மாற்றாக அரசும் தொண்டு நிறுவனங்களும் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளையே வழங்கின. குறுகிய காலத்தில் பெருந்தொகையான படகுகள் தேவைப்பட்டதால் புதிய கட்டுமிடங்கள் பல தோன்றின. அவற்றில் கட்டப்பட்ட படகுகள் சிலவற்றின் தரம் குறைவாக இருந்ததை அக்காலத்திலேயே மீன்வளத்துறை சார்ந்தோர் சுட்டிக்காட்டினர். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் வழங்கப்பட்டு எஞ்சியிருக்கும் படகுகள் இன்று ஏறத்தாழ இருபது ஆண்டு பழைமையானவை. தமிழகத்தில் பழுதுபார்ப்பின் தேவை மிகுந்திருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

## படகுடலின் அமைப்பு

படகுடலை வெளியிலிருந்து உள்ளே நோக்கினால் பின்வரும் பகுதிகள் காணப்படும்.

* மேற்பூச்சு - பட்டறைகளில் "ஜெல்கோட்" எனப்படும். நிறமி கலந்த பிசினால் ஆனது. தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இதில் இழை இல்லாததால் வலிமையும் இல்லை. வெயிலையும் நீரையும் தடுப்பதே இதன் பணி.
* துண்டிழை விரிப்பு - "மேட்" எனப்படும். சிறு துண்டுகளாக நறுக்கிய இழைகள் எல்லாத் திசைகளிலும் பரவியிருக்கும். சதுர மீட்டருக்கு 300, 450, 600 கிராம் எடைகளில் கிடைக்கும். 450 கிராம் விரிப்பு ஒன்று பிசினுடன் இறுகிய பின் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பைத் தரும்.
* நெய்த இழை விரிப்பு - "ரோவிங்" எனப்படும். பாய் போல் நெய்யப்பட்டது. இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் மிக்கது. அடுக்குகள் நன்கு ஒட்டுவதற்காகத் துண்டிழை விரிப்புகளுக்கு இடையே இடப்படும்.
* வங்குகளும் ஏராவும் - குறுக்குத் தாங்கிகள் வங்கு எனவும், அடியில் நீளவாட்டில் அமைவது ஏரா எனவும் பெயர் பெறும்.
* மிதவை அறைகள் - படகு கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க நுரைப்பொருள் நிரப்பப்பட்ட மூடிய அறைகள்.

இழைகளைப் பிணைக்கும் பிசின் பெரும்பாலும் பாலியெஸ்டர் ஆகும். இது ஸ்டைரீனில் கரைந்த நீர்மமாக விற்கப்படுகிறது. வினையூக்கி சேர்த்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிவிடும். இறுகிய பிசினை மீண்டும் உருக்க முடியாது. பழைய உடலின் மேல் புதிதாக இடப்படும் அடுக்கு, அதனுடன் முழுமையாக ஒன்றிணையாமல் பசை போல் ஒட்டியே நிற்கும். எனவே ஒட்டும் பரப்பு எவ்வளவு அகலமாகவும் தூய்மையாகவும் உள்ளதோ அவ்வளவே பழுதுபார்ப்பின் வலிமை அமையும்.

## வெடிப்பு வகைகளும் காரணங்களும்

வெடிப்பின் வடிவத்தைக் கொண்டே அதன் காரணத்தைப் பெரும்பாலும் கண்டறியலாம்.

* விண்மீன் வடிவ வெடிப்பு - ஒரு புள்ளியிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவும். கல், நங்கூரம், மற்றொரு படகு போன்றவை மோதியதால் உண்டாவது. வெளியில் சிறிதாகத் தோன்றினாலும் உட்புற அடுக்குகள் அதைவிட அகலமாகப் பிரிந்திருக்கக்கூடும்.
* இணைகோட்டு வெடிப்பு - வங்கு, இருக்கைப் பலகை ஆகியவை உடலைத் தொடும் இடங்களில் வரிசையாகத் தோன்றும். நெகிழும் ஓடு விறைப்பான பகுதியைச் சந்திக்கும் இடத்தில் மீண்டும் மீண்டும் வளைவதால் ஏற்படுவது.
* பின்பலகை வெடிப்பு - இயந்திரம் பொருத்தப்படும் பின்பலகையின் மூலைகளில் தோன்றும். திருகாணித் துளைகள் வழியே நீர் புகுந்து உள்ளிருக்கும் ஒட்டுப்பலகை உளுத்துப்போவது இதற்குப் பொதுவான காரணம்.
* ஏராத் தேய்வு - மணலில் இழுப்பதால் அடிப்பகுதி தேய்ந்து இழைகள் வெளியே தெரிவது. இழுவை இயந்திரம் கொண்டு கரையேற்றும் ஊர்களில் இது விரைவாக நிகழும்.
* கொப்புளம் - மேற்பூச்சின் வழியே ஊடுருவும் நீர், பிசினில் உள்ள கரையும் பொருள்களுடன் சேர்ந்து அழுத்தத்தை உருவாக்குவதால் தோன்றும். உடைத்தால் காடி நாற்றமுடைய நீர் வெளிவரும். நீரிலேயே நிறுத்தப்படும் படகுகளில் இது மிகுதி. நாள்தோறும் கரையேறி உலரும் படகுகளில் குறைவு.

காரணத்தை நீக்காமல் வெடிப்பை மட்டும் சீர்செய்தால், ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பிலேயே அடுத்த வெடிப்பு தோன்றும். சான்றாக, வங்கின் ஓரத்தில் வெடித்திருந்தால், வங்கும் உடலும் சேரும் கோணத்தைப் பிசின்குழைவால் வளைவாக நிரப்பி, அதன்மேல் அகலமான இழைப்பட்டை இட்டுச் சுமையைப் பரப்ப வேண்டும்.

## கசிவைக் கண்டறிதல்

நீர் தேங்கும் இடமும் நீர் புகும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. அணியத்தில் புகும் நீர் மிதவை அறையின் ஓரமாக ஓடிப் பின்பகுதியில் தென்படலாம். கண்டறியும் முறைகள் வருமாறு.

1. நீர் நிரப்பிப் பார்த்தல். படகைக் கரையில் நன்கு தாங்கு கொடுத்து நிறுத்தி, உள்ளே சிறிதளவு நீர் ஊற்றி, உலர்ந்த வெளிப்புறத்தில் ஈரம் கசியும் இடத்தைக் குறித்தல். ஒரு கன மீட்டர் நீர் 1000 கிலோகிராம் எடையுள்ளது. எனவே மிகுதியாக நிரப்பினால் வெடிப்பு விரியும்.
2. துடைத்துப் பார்த்தல். ஐயத்திற்குரிய இடத்தை அசிட்டோனால் துடைத்தால் மேற்பரப்பு நொடியில் உலர்ந்துவிடும். வெடிப்பினுள் புகுந்த நீர்மம் மட்டும் சற்று நேரம் கோடாகத் தெரியும்.
3. தட்டிப் பார்த்தல். நாணயத்தாலோ சிறு சுத்தியலாலோ தட்டினால் நல்ல பகுதி கணீரென்றும், அடுக்கு பிரிந்த பகுதி மந்தமாகவும் ஒலிக்கும். மந்தமான ஒலி முடியும் எல்லை வரை கோடிட்டுக்கொள்ள வேண்டும்.
4. எடையைக் கவனித்தல். முன்பு எளிதாகத் தள்ளப்பட்ட படகு இப்பொழுது கூடுதல் ஆட்களைக் கேட்குமாயின், மிதவை அறையின் நுரை நீரை உறிஞ்சியிருக்கலாம். இத்தகைய படகு கவிழும்போது மிதந்து நிற்கும் ஆற்றலை இழந்திருக்கும். வெளியே தெரியும் வெடிப்பைவிட இது ஆபத்தானது.

## பழுதுபார்க்கும் முறை

### கழுவுதலும் உலர்த்தலும்

உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும் இயல்புடையது. எனவே வெடித்த பகுதியை முதலில் நன்னீரால் பலமுறை கழுவிய பின்னரே உலர்த்த வேண்டும். சேதமடைந்த பகுதியைத் திறந்துவிட்டு நிழலும் காற்றும் உள்ள இடத்தில் பல நாள்கள் வைப்பது நலம். ஈர இழையின்மேல் இடப்பட்ட பிசின் சரிவர இறுகாது, ஒட்டவும் செய்யாது. பழுதுபார்ப்பு தோல்வியடைய முதன்மையான காரணங்களுள் ஈரமும் ஒன்றாகும். நீர் ஏறிய நுரையை வெட்டி அகற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை அல்ல. விசைப்படகுகள், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் உள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பழுதுபார்க்கப்படுவது வழக்கம்.

### சாய்வாகத் தேய்த்தல்

வெடிப்பைச் சுற்றியுள்ள உயிரற்ற பகுதியை முழுவதும் தேய்த்து நீக்கிய பின், விளிம்புகளை மெல்லச் சரியும் சாய்வாகத் தேய்க்க வேண்டும். நீர்மட்டத்திற்குக் கீழுள்ள பகுதிகளுக்கு 12 க்கு 1 என்ற சரிவு பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதாவது உடலின் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்திற்குச் சாய்வு அமைய வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள உடலில் 20 சென்டிமீட்டர் நீள வெடிப்பு ஊடுருவியுள்ளதாகக் கொள்வோம். சாய்வின் அகலம் ஒவ்வொரு பக்கமும் 72 மில்லிமீட்டர். எனவே தேய்க்கப்படும் பரப்பு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் கொண்டிருக்கும். சிறு வெடிப்புக்காக இவ்வளவு பெரிய பள்ளம் தோண்டுவது பழக்கமில்லாதோர்க்கு மிகையாகத் தோன்றலாம். ஆயினும் விசை பழைய இழையிலிருந்து புதிய இழைக்கு மாறுவது இச்சாய்வுப் பரப்பின் வழியாகவே ஆகும். செங்குத்தான விளிம்புள்ள துளையில் அடைக்கப்பட்ட பிசின், அலையின் அடியில் அடைப்பான் போல் தனியே கழன்றுவிடும்.

தேய்ப்பதற்கு 24 அல்லது 36 எண் கொண்ட சொரசொரப்பான உப்புத்தாள் வட்டு பயன்படும். வழுவழுப்பான பரப்பில் பிசின் ஒட்டாது. தேய்த்த பின் தூசியை நீக்கி, தூய துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைக்க வேண்டும். அதன்பின் அப்பரப்பைக் கையால் தொடலாகாது.

உட்புறம் எட்டக்கூடியதாயின், உள்ளிருந்தே தேய்த்து அடுக்குவது வெளித்தோற்றத்தைக் காக்கும். வெளிப்புறத்தில் மெழுகு தடவிய தகடு ஒன்றைத் தாங்கலாக வைக்கலாம். இரட்டை அடித்தளமும் மிதவை அறையும் உள்ள படகுகளில் வெளியிலிருந்தே வேலை செய்ய நேரும்.

### பிசின் தேர்வு

பாலியெஸ்டர் மலிவானது, எளிதில் கிடைப்பது. எப்பாக்சி விலை கூடியது. ஆயினும் பழைய உடலின் மேல் அதைவிட உறுதியாக ஒட்டும், இறுகும்போது குறைவாகவே சுருங்கும். துண்டிழை விரிப்புகளில் இழைகளைப் பிடித்திருக்கும் பொருள் ஸ்டைரீனில் கரைவது; எப்பாக்சியில் ஸ்டைரீன் இல்லாததால் அவ்விரிப்புகள் அதில் சரியாக நனைந்து படியமாட்டா. எனவே எப்பாக்சியுடன் நெய்த அல்லது தைத்த விரிப்புகளையே பயன்படுத்த வேண்டும். எப்பாக்சிப் பரப்பின்மேல் பாலியெஸ்டர் மேற்பூச்சு நன்கு ஒட்டாது. அங்கு அதற்குரிய வண்ணப்பூச்சே பொருந்தும்.

### அடுக்குதல்

பாலியெஸ்டருக்கு வினையூக்கி பொதுவாக எடையில் 1 முதல் 2 விழுக்காடு சேர்க்கப்படுகிறது. அக்கினி நட்சத்திர நாள்களின் நண்பகலில் 2 விழுக்காடு சேர்த்தால், தூரிகையில் எடுக்கும் முன்பே பிசின் கட்டியாகிவிடும். அளவைக் குறைப்பதும், காலையிலோ மாலையிலோ வேலை செய்வதும், ஒரு முறைக்கு அரைக் கிலோகிராமுக்கு மேல் கலக்காதிருப்பதும் நல்ல பழக்கங்கள். வினையூக்கியை ஒரு விழுக்காட்டுக்கு மிகவும் கீழே குறைத்தால் பிசின் ஒருபோதும் முழுமையாக இறுகாது.

துண்டிழை விரிப்பில் இழையின் பங்கு எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடாக அமையும். இதன்படி 450 கிராம் விரிப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகிராம் பிசின் தேவை. பிசின் கூடினால் வலிமை கூடும் என்பது தவறான எண்ணம். இழை குறைந்து பிசின் மிகுந்த அடுக்கு எளிதில் நொறுங்கும்.

பரப்பில் முதலில் பிசினைத் தடவி, அதன்மேல் விரிப்பை இட்டு, தூரிகையால் குத்தி நனைத்து, வரியுள்ள உருளியால் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். சாய்வு முழுவதையும் மூடும் பெரிய துண்டை முதலில் இட்டு, மேலே செல்லச் செல்லச் சிறிய துண்டுகளை இடும் முறையில், அடி அடுக்கு பழைய உடலைப் பெரும்பரப்பில் பற்றுகிறது. மேலே குறிப்பிட்ட 6 மில்லிமீட்டர் உடலுக்கு 450 கிராம் விரிப்புகள் ஏறத்தாழ ஆறு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இட்டால் வெப்பம் மிகுந்து பிசின் வெடிக்கும். ஆகவே மூன்று அல்லது நான்கு அடுக்குகளுக்குப் பின் சூடு தணிய விடுவது வழக்கம்.

### மேற்பூச்சு

இறுகிய பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து மேற்பூச்சு இடப்படுகிறது. காற்றுப்படும் பாலியெஸ்டர் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும் இயல்புடையது. அதனால் கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலக்கப்படும், அல்லது நெகிழித் தாளால் மூடப்படும். தேய்வுக்கு உள்ளாகும் ஏராவின்மேல் கூடுதல் அடுக்குகளை இட்டு, தேயத் தேய மாற்றிக்கொள்வது அடியுடலைக் காக்கும்.

## தற்காலிக அடைப்புகள்

கடலில் இருக்கும்போது கசிவு ஏற்பட்டால், இரு பகுதிகளைப் பிசைந்து ஒட்டும் எப்பாக்சிக் களிம்பு, துணி, மரமுளை ஆகியவற்றால் நீர் வரத்தைக் குறைத்துக் கரை சேரலாம். களிம்பில் தொடர் இழைகள் இல்லாததால் அது நீரைத் தடுக்குமேயன்றிச் சுமையைத் தாங்காது. நாள்தோறும் அலையில் ஏறி இறங்கும் படகில் களிம்பை நிலையான தீர்வாகக் கொண்டால், அதன் அடியில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாமல் நீளும். தார் பூசுவதும் இத்தகையதே. அன்றியும் தார் படிந்த பரப்பில் பின்னர் பிசின் ஒட்டாது.

வெள்ள மீட்பில் ஈடுபட்ட படகுகளில் இப்பழுதுகள் மிகுதியாகக் காணப்பட்டன. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும் மீனவர்கள் தம் படகுகளை வண்டிகளில் ஏற்றி ஊருக்குள் கொண்டுசென்று மக்களை மீட்டனர். கடலுக்கெனக் கட்டப்பட்ட உடல்கள் மதிற்சுவர்களிலும் இரும்பு வாயில்களிலும் மோதி வெடித்தன.

## பாதுகாப்பு

* வினையூக்கியையும் கோபால்ட் முடுக்கியையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கலாகாது. கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். முடுக்கியைப் பிசினில் முழுவதும் கலக்கிய பின்னரே வினையூக்கியைச் சேர்க்க வேண்டும்.
* வினையூக்கி கண்ணில் பட்டால் பார்வை பறிபோகும் அபாயம் உண்டு. கண்ணாடி அணிவது இன்றியமையாதது. பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் நீரால் கழுவி உடனே மருத்துவரை நாட வேண்டும்.
* தேய்க்கும்போது எழும் தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் தீங்கானது. துணி கட்டுவது போதாது; தூசி வடிகட்டும் முகமூடி வேண்டும்.
* ஸ்டைரீன், அசிட்டோன் ஆவிகள் எளிதில் தீப்பற்றுவன. மூடிய அறையிலும் அடுப்பு, பீடி, மின்பொறி அருகிலும் வேலை செய்யலாகாது.
* கலத்தில் எஞ்சிய பிசின் தானே சூடேறிப் புகையக்கூடும். திறந்த வெளியில் ஆறவிட்ட பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.
* மிதவை அறையில் தெர்மாகோல் இருப்பின், ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் நுரை அவ்வாறு கரைவதில்லை.

## பழுதுபார்ப்பின் எல்லை

ஏரா முறிந்த, பின்பலகை முழுவதும் உளுத்த, அல்லது அடியுடலில் பெரும்பகுதி தட்டினால் மந்தமாக ஒலிக்கும் படகைச் சீர்செய்வது பெரும்பாலும் புதிய படகின் செலவை நெருங்கும். அந்நிலையில் அதைக் கடலுக்கு அனுப்பாதிருப்பதே தக்கது. பழைய கட்டுமரத்தின் மரம் விறகாகவாவது பயன்பட்டது. இறுகிய பிசினை உருக்க இயலாததால், கைவிடப்பட்ட கண்ணாடியிழைப் படகு கரையிலேயே கிடக்கிறது. எரித்தால் நச்சுப்புகை எழும். எனவே வெடிப்பைச் சிறிதாக இருக்கும்போதே முறையாகச் சீர்செய்வது, கடலில் செல்வோரின் உயிருக்கும் கடற்கரைக்கும் ஒருங்கே பயன் தருவதாகும்.

## இவற்றையும் பார்க்கவும்

* கட்டுமரம்
* மசூலாப் படகு
* கண்ணாடியிழை
* எப்பாக்சி
* 2004 இந்தியப் பெருங்கடல் ஆழிப்பேரலை